ஷூ சோலுக்கு 3டி பிரிண்டரில் மாதிரி எடுக்கும் முறை

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் உள்ள சிறிய ஷூ பட்டறைகளுக்குப் புதிய சோல் ஒன்றை உருவாக்குவதில் மிகப் பெரிய செலவு மோல்டு (சோலை வார்க்கும் அச்சு) வெட்டுவதுதான். உலோகத்தில் மோல்டு வெட்டி முடித்த பிறகு ஹீல் உயரம் இரண்டு மில்லிமீட்டர் கூடிவிட்டது என்றோ, சோலின் ஓரம் அப்பரோடு (ஷூவின் மேற்பகுதியோடு) ஒட்டி நிற்கவில்லை என்றோ தெரியவந்தால், அதைத் திருத்துவது கடினம்; சில வேளைகளில் முடியவே முடியாது. வெட்டுவதற்கு முன்பே அந்த வடிவத்தைக் கையில் எடுத்துப் பார்க்க, பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக இடும் சாதாரண மேசை பிரிண்டரே போதும். இந்த முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989-இல் விண்ணப்பித்துப் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 2009-இல் முடிந்த பின்னர்தான் இத்தகைய பிரிண்டர்கள் சிறு தொழில் செய்வோர் வாங்கும் விலைக்கு இறங்கின.

பிரிண்டரை இயக்குவதற்கு முன்பு, இந்த மாதிரியிடம் நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பயரிடம் (ஷூவை வாங்குபவரிடம்) தோற்றத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கவேண்டுமா, லாஸ்ட்டிலும் (ஷூவுக்கு வடிவம் தரும் கால் வடிவக் கட்டையிலும்) அப்பரிலும் சோல் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கவேண்டுமா, அல்லது போட்டு நடந்து பார்க்கவேண்டுமா? மூன்றுக்கும் ஏற்ற இழையும் அச்சிடும் முறையும் ஒன்றல்ல. மூன்றையும் ஒரே மாதிரியில் பார்த்துவிட முயன்றால் எதற்கும் தெளிவான விடை கிடைக்காது என்பதே என் உறுதியான கருத்து.

கணினியில் வரைந்த சோலை எஸ்டிஎல் என்ற 3டி வடிவக் கோப்பாக மாற்றி, வடிவத்தை அச்சிடும் அடுக்குகளாகப் பிரிக்கும் ஸ்லைசர் மென்பொருளில் திறந்ததும், முதலில் நீளத்தைப் பாருங்கள். எஸ்டிஎல் கோப்பில் அலகு எதுவும் பதிவாவதில்லை. அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டால் வடிவம் 25.4 மடங்கு சிறுத்துவிடும். ஐரோப்பிய அளவு முறையில் ஓர் எண்ணுக்கு ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு என்பதால், 42-ஆம் எண் லாஸ்ட்டின் நீளம் ஏறத்தாழ 280 மி.மீ. வரும். சோல் அதைவிடச் சற்று நீளமாக இருக்கும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்திருந்தாலே பல பிழைகள் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது இடப் பிரச்சினை. பரவலாகக் கிடைக்கும் பிரிண்டர்களின் தட்டு 220 மி.மீ. சதுரம். மூலைக்கு மூலை அளந்தால் 311 மி.மீ. இருக்கிறதே என்று சோலைக் குறுக்காகத் திருப்பி வைத்தாலும், முன்பாதத்தின் அகலத்தால் ஆண்களுக்கான சோல் பெரும்பாலும் வெளியே நீண்டுவிடும். ஆகவே பாதத்தின் நடுக் குழிவுப் பகுதியில், வளைவு குறைந்த இடமாகப் பார்த்து வடிவத்தை இரண்டாக வெட்டி, இரு பக்கமும் 4 மி.மீ. துளை விட்டு, ஆணியோ கம்பித் துண்டோ செருகிப் பசையால் இணைப்பதே நல்லது. துளையைக் கம்பியைவிட 0.2 அல்லது 0.3 மி.மீ. பெரிதாக வரையாவிட்டால் கம்பி உள்ளே போகாது.

ஆனால் முழுச் சோலை அச்சிடும் முன்பு செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. நேரத்தை மிச்சப்படுத்துவதில் இதற்கு இணையானது வேறில்லை. ஹீல், நடுக் குழிவு, முன்பாதத்தின் அகன்ற இடம், விரல் நுனி ஆகிய நான்கு இடங்களிலும் சோலைக் குறுக்காக வெட்டி, 10 மி.மீ. தடிமனுள்ள துண்டுகளை மட்டும் அச்சிடுங்கள். அப்பர் இழுத்துக் கட்டிய லாஸ்ட்டில் அந்தந்த இடத்தில் துண்டை வைத்துப் பார்த்தால், ஓரச் சுவர் எங்கே விலகுகிறது, எங்கே தோலை அழுத்துகிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். வெறும் லாஸ்ட்டில் வைத்துப் பார்த்து ஏமாறக்கூடாது; தோல், லைனிங், மடித்து ஒட்டிய விளிம்பு ஆகியவற்றின் தடிமன் சேர்ந்த பிறகு வரும் அளவே உண்மையான அளவு. துண்டுகள் சரியாக உட்காரும் வரை வரைபடத்தைத் திருத்திவிட்டு, அதன் பின் முழு வடிவத்துக்குப் போகலாம்.

முழு வடிவத்தைத் தட்டில் எப்படிப் படுக்க வைப்பது என்பதையும் தொடக்கத்தில் முடிவு செய்துகொண்ட அந்தக் கேள்வியே தீர்மானிக்கும். 45 பாகைக்கு மேல் வெளியே சாயும் பகுதிகளுக்கு அடியில் சப்போர்ட் (அச்சிட்ட பின் நீக்கும் தாங்கு அமைப்பு) தேவைப்படும். அதைப் பிய்த்தெடுத்த இடம் சொரசொரப்பாக இருக்கும். பொருத்தம் பார்ப்பதானால் அப்பர் உட்காரும் பக்கம் மேலே இருக்கட்டும், தோற்றம் காட்டுவதானால் தரையில் படும் கோலப் பக்கம் மேலே இருக்கட்டும். மெல்லிய உயர ஹீலை மட்டும் நிற்க வைத்து அச்சிடவேண்டாம், ஏனெனில் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலான பிடிப்பே இந்த முறையின் பலவீனம். பக்கவாட்டில் சிறிது அழுத்தினாலும் அந்த இடத்திலேயே முறியும். படுக்க வைத்து அச்சிட்டால் தாங்கும்.

தோற்றத்துக்கும் பொருத்தத்துக்கும் பிஎல்ஏ (PLA) என்ற பிளாஸ்டிக் இழையே எளிது. 0.4 மி.மீ. நாசில் (உருகிய இழை வெளிவரும் முனை), 0.2 மி.மீ. அடுக்கு, மூன்று சுற்றுச் சுவர், 15 விழுக்காடு உள்நிரப்பு என்று தொடங்கலாம். ஆனால் பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கிவிடும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்ப் பகுதியில், மூடிய காருக்குள் விட்டுச்சென்ற மாதிரி வளைந்துபோக நிறைய வாய்ப்புண்டு. அதைவிட முக்கியமாக, சோலில் தடவிய பசையை ஒட்டும் நிலைக்குக் கொண்டுவரச் சூடேற்றும் பெட்டிக்குள் பிஎல்ஏ மாதிரியை வைக்கவே கூடாது. அதைச் சூடின்றி ஒட்டுங்கள், அல்லது ஏறத்தாழ 80 டிகிரி வரை தாங்கும் பிஇடிஜி (PETG) இழைக்கு மாறுங்கள்.

நடந்து பார்க்கும் மாதிரிக்கு ரப்பர் போல வளையும் டிபியு (TPU) இழை வேண்டும். சந்தையில் அதிகம் கிடைக்கும், ஷோர் கடின அளவில் 95ஏ உள்ள டிபியு, வழக்கமான ரப்பர் சோலைவிடக் கெட்டியானது. உள்நிரப்பைக் குறைத்தால் சற்று மெத்தென்று இருக்கும், எனினும் சோலின் மென்மையை இந்த மாதிரியை வைத்து மதிப்பிட வேண்டாம். நடக்கும்போது எந்த இடத்தில் மடிகிறது, ஹீல் நிலையாக நிற்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். டிபியு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் திறந்து கிடந்த சுருளை அப்படியே பயன்படுத்தினால் நூல் நூலாக இழுக்கும், கொப்புளம் விடும்; 50 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி, விநாடிக்கு 25 மி.மீ. அளவு மெதுவான வேகத்தில் அச்சிடுங்கள். பல மணி நேரம் ஓடும் வேலைக்கு யுபிஎஸ் அவசியம். மின்சாரம் நின்ற இடத்திலிருந்து தொடரும் வசதி பிரிண்டரில் இருந்தாலும், இடைப்பட்ட நேரத்தில் தட்டு ஆறி மாதிரி பெயர்ந்துவிட்டால் அந்த வசதியால் பயனில்லை.

ஒப்புதல் கிடைத்த வடிவத்தை மோல்டு செய்பவரிடம் கொடுக்கும்போது, முடிந்த சோலின் அளவையே கொடுங்கள். ரப்பரோ பியுவோ (பாலியூரித்தேன்) ஆறும்போது சுருங்குவதற்கான கூடுதலை அவர் தம் கணக்கில் சேர்ப்பார். நீங்களும் சேர்த்தால் அது இருமுறை சேர்ந்துவிடும். எத்தனையாவது திருத்தம் என்ற எண்ணை மாதிரியின் உட்புறத்தில் புடைப்பாகவே அச்சிட்டு, அதே எண்ணுள்ள கோப்பை அதனுடன் அனுப்புவது குழப்பத்தைத் தவிர்க்கும். மற்ற ஷூ அளவு எண்களுக்கான சோலை, ஸ்லைசரில் மொத்தமாகப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ எடுக்கக்கூடாது. அப்படிச் செய்தால் நீளத்தோடு சேர்ந்து ஹீல் உயரமும் சுவர்த் தடிமனும் மாறிவிடும். வரைபடத்திலேயே எண்வாரியாக அளவு மாற்றி, மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் மேற்சொன்ன குறுக்குத் துண்டுகளை அச்சிட்டு, அந்தந்த எண் லாஸ்ட்டில் அப்பரோடு வைத்துச் சரிபார்த்த பின் மோல்டு வெட்டச் சொல்லுங்கள்.