எங்கிருந்து பார்க்கிறோம்? விண்வெளி சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரியனை ஆராயும் இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 விண்கலம் 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று எல்1 புள்ளியைச் சுற்றும் ஹாலோ என்ற வளையப் பாதையில் சேர்ந்தது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையே, பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவரக்கூடிய சமநிலைப் புள்ளிதான் எல்1. அந்தப் பாதையை ஒரு சிமுலேஷன் மென்பொருளில் வரைந்து பாருங்கள். சூரியனை நடுவில் வைத்தால், பூமிக்குச் சற்று உள்ளே சூரியனைச் சுற்றும் ஒரு கோடு வரும். பூமியை நடுவில் வைத்து நட்சத்திரங்களை அசையாமல் நிறுத்தினால், வருடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் பெரிய வளையம் வரும். சூரியனையும் பூமியையும் இணைக்கும் கோட்டோடு சேர்ந்து சுழலும் குறிப்பாயத்தில் (எதை அசையாததாக வைத்து இயக்கத்தை அளக்கிறோமோ அந்த அமைப்பில்) பார்த்தால்தான் நாம் செய்திகளில் பார்த்த அந்த ஹாலோ தெரியும். மூன்றும் சரியான படங்கள்தான். ஒரே பயணம்தான்.

எந்தக் குறிப்பாயம் என்று எழுதாமல் படத்தை வெளியிடுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்பேன். இரண்டாவது படத்தை மட்டும் பார்க்கும் மாணவர், பூமியின் ஈர்ப்புதான் விண்கலத்தைக் கட்டி இழுத்துச் சுற்ற வைக்கிறது என்று நினைப்பார். நினைப்பது நியாயமும்கூட. ஆனால் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்த இடத்தில் சூரியனின் இழுப்பு பூமியின் இழுப்பைவிட 30 மடங்குக்கும் அதிகம். நாசாவின் ஜிமேட் போன்ற மென்பொருள்களில் படத்துக்கான ஆய அமைப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம், சுழலும் அமைப்பையும் உருவாக்கிக்கொள்ளலாம். பலர் முதலில் வருவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். படத்தின் மூலையில் ஒரு வரி எழுதினால் போதும்: மையம் எது, அச்சுகள் எதோடு சேர்ந்து திரும்புகின்றன.

சுழலும் குறிப்பாயத்துக்குப் போனதும் அடுத்த சிக்கல் வருகிறது. சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பு அம்புகளை மட்டும் வரைந்தால் எல்1 புள்ளியில் அவை சமன் ஆகாது. சுழலும் குறிப்பாயத்தில் மையவிலக்கு விசையையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். அதையும் சேர்த்து நிலையாற்றலை மேடு பள்ளமாக வரைந்த படங்களில், பூமியின் பாதையில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எல்4, எல்5 சமநிலைப் புள்ளிகள் இரண்டும் மேட்டின் உச்சியில் இருக்கும். உச்சியில் வைத்த பொருள் உருண்டு ஓடிவிடாதா என்று கேட்கத் தோன்றும். ஓடத் தொடங்கும், ஆனால் வேகம் வந்ததுமே, சுழலும் குறிப்பாயத்தில் நகரும் பொருளைப் பக்கவாட்டில் தள்ளுவதாகத் தெரியும் கொரியாலிஸ் விசை அதன் பாதையைத் திருப்பிவிடுகிறது. இரண்டு பெரிய பொருள்களில் ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய 25 மடங்குக்கு மேல் கனமாக இருந்தால் இது நிலையாகவே நடக்கும். வியாழனின் முன்னும் பின்னும் போகும் டிரோஜன் குறுங்கோள்கள் அப்படித்தான் அங்கே தங்கியிருக்கின்றன. கொரியாலிஸ் விசை வேகத்தைப் பொறுத்தது என்பதால் அதை எந்த மேடு பள்ளப் படத்திலும் காட்ட முடியாது. அதைப் பக்கத்தில் ஒரு குறிப்பாகவாவது சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அழகான படமே தப்பான பாடம் நடத்தும். எல்1 விஷயம் வேறு. அது குதிரைச் சேணம் போன்ற வடிவம், அங்கே நிலைத்தன்மை கிடையாது. அதனால்தான் ஆதித்யா அவ்வப்போது எஞ்சினை இயக்கிப் பாதையைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

புனல் மாதிரி குழிந்த ஈர்ப்புப் படங்களில் குழியின் ஆழத்தை விசை என்று படிக்காதீர்கள். ஆழம் காட்டுவது நிலையாற்றலை. விசையைக் காட்டுவது சரிவு. தூரம் இரு மடங்கானால் ஆழம் பாதியாகும், சரிவு கால்வாசியாகும்.

நிலவின் பாதையில் நடக்கும் தவறு எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பாடப் படங்களிலேயே அது பரவியிருக்கிறது. சூரியனை மையமாக வைத்து வரையும்போது நிலவு சுருள் சுருளாகப் போவதாகக் காட்டுவார்கள். உண்மையில் நிலவின் மீது சூரியனின் ஈர்ப்பு, பூமியின் ஈர்ப்பைவிட இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். அதனால் அதன் பாதை எல்லா இடத்திலும் சூரியனை நோக்கியே வளைந்திருக்கும். சுருள் எங்கிருந்து வருகிறது? திரையில் தெரிய வேண்டும் என்று பூமிக்கும் நிலவுக்கும் இடையிலான தூரத்தை மட்டும் பெரிதாக்குவதால் வருகிறது. மூன்று மடங்கு பெரிதாக்கினாலே பாதை சில இடங்களில் எதிர்ப்பக்கம் வளைய ஆரம்பித்துவிடும். 30 மடங்கு ஆக்கினால் முழுச் சுருள். கோளின் உருவத்தைப் பெரிதாக்குவதில் தவறில்லை. தூரத்தைப் பெரிதாக்கினால் இயக்கமே மாறிவிடுகிறது.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விளையாடிப் பழகியவர்கள் ஈர்ப்புக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு என்ற எண்ணத்தோடு வெளியே வருவதுண்டு. கணக்கை எளிதாக்க, அந்த விளையாட்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளின் ஈர்ப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். செல்வாக்குக் கோளத்தை (ஒரு பொருளின் ஈர்ப்பை மட்டும் கணக்கில் எடுக்கும் எல்லையை) தாண்டியதும் அடுத்த பொருளுக்கு மாறும், வரைந்த பாதையின் குறிப்பாயமும் அங்கேயே மாறும். நிஜ பூமிக்கு அந்தக் கோளத்தின் ஆரம் சுமார் 9 லட்சம் கிலோமீட்டர். எல்1 அதற்கு வெளியே இருக்கிறது, அதுவும் இரண்டு ஈர்ப்புகள் சேர்ந்தால்தான் உருவாகும் புள்ளி. ஆகவே இந்த முறையில் ஆதித்யாவின் பாதையை வரையவே முடியாது. பிரின்சிபியா என்ற கூடுதல் மென்பொருளைச் சேர்த்தால் எல்லாப் பொருள்களின் ஈர்ப்பும் கணக்கில் வரும், எந்தக் குறிப்பாயத்தில் பாதையை வரைவது என்றும் தேர்ந்தெடுக்கலாம். கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன்.

வேகத்தைச் சொல்லும்போதும் எதைப் பொறுத்து என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட்டின் வேகம் தரையைப் பொறுத்துச் சுழியம். சுழலாத புவிமையக் குறிப்பாயத்தில் அது ஏற்கெனவே வினாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. தரையிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலை செயற்கைக்கோளுக்குச் சுற்றுக்காலம் 24 மணி நேரம் என்று கொடுப்பதும் இதே வகைக் குழப்பம். நட்சத்திரங்களைப் பொறுத்து பூமி ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 வினாடி ஆகிறது. அந்த நான்கு நிமிடத்தை விட்டால் செயற்கைக்கோள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்துபோகும்.

அப்புறம், சொந்தமாக நிரல் எழுதுபவர்களுக்கு இரண்டு விஷயம். காலப் படியை, அதாவது ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தை, அளவுக்கு மீறிப் பெரிதாக்காதீர்கள். வியாழனின் நிலவான அயோ அதைச் சுமார் 42 மணி நேரத்தில் சுற்றுகிறது. ஒரு நாளை ஒரு படியாக வைத்தால் அது கழன்று ஓடிவிடும், காரணம் கணக்குதான், ஈர்ப்பு அல்ல. பாதையைப் படிப்படியாகக் கணக்கிடும் முறைகளில், எளிய ஆய்லர் முறை ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போகும், லீப்ஃப்ராக் முறை அப்படிச் செய்யாது. இரண்டாவது, ஆதிப்புள்ளியை (தூரங்களை அளக்கத் தொடங்கும் சுழியப் புள்ளியை) எங்கே வைப்பது என்பது. திரையில் வரையும் வேலை பெரும்பாலும் 32 பிட் எண்களில்தான் நடக்கிறது, அவற்றில் ஏழு இலக்கம் வரைதான் துல்லியம். சூரியனை ஆதிப்புள்ளியாக வைத்து மீட்டரில் கணக்கிட்டால், பூமியின் தூரத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 16 கிலோமீட்டர் இடைவெளி விழும், விண்கலம் திரையில் துள்ளும். பாதையை 64 பிட்டில் கணக்கிட்டு, வரையும்போது மட்டும் விண்கலத்தையோ கேமராவையோ ஆதிப்புள்ளியாக மாற்றிக்கொள்ளுங்கள்.