ஃபயர் டிவி ரிமோட் இணையவில்லையா?
டிவியில் செருகிப் படம் பார்க்கும் அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக்கின் ரிமோட் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். முதலில் பேட்டரி இரண்டையும் மாற்றுங்கள். அப்புறம் ஸ்டிக்கின் மின் இணைப்பைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள். திரை வந்ததும், வீடு படம் போட்ட ஹோம் பட்டனை 10 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பலர் இங்கேதான் அவசரப்பட்டுக் கையை எடுத்துவிடுகிறார்கள்.

மற்றதெல்லாம் சரி, சத்தம் மட்டும் கூட்ட முடியவில்லையா? ஸ்டிக்குடன் ரிமோட் பேசுவது ப்ளூடூத்தில். டிவியின் சத்தத்தை மாற்றுவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரில். அதனால் ரிமோட்டை டிவிக்கு நேராகக் காட்டி அழுத்துங்கள். அப்படியும் சத்தம் மாறாவிட்டால், ஸ்டிக்கின் செட்டிங்ஸில் எக்விப்மென்ட் கண்ட்ரோல் போய் உங்கள் டிவி பிராண்டைத் தேர்ந்தெடுங்கள்.

ரிமோட்டே தொலைந்துவிட்டால், போனில் ஃபயர் டிவி ஆப் போதும். ஸ்டிக் இருக்கும் அதே வைஃபையில் போனும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.