இரண்டாவது பூனை எடுக்கும்போது எங்கே பிழை நடக்கிறது?

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்தைப் பக்கமோ பாசையூர் மீன் சந்தைப் பக்கமோ போனால், யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன குட்டி ஒன்று கத்திக்கொண்டு நிற்பதைக் காணலாம். வீட்டில் ஏற்கெனவே பூனை வளர்ப்பவர்களுக்கு உடனே ஒரு எண்ணம் வரும்: "எங்கட பூனையும் தனியத்தானே நிக்குது, இதைக் கொண்டுபோய் விட்டால் ரெண்டும் விளையாடும்." நல்ல மனதுதான். ஆனால் ஒரு குட்டியைக் காப்பாற்றுவது ஒரு வேலை, வீட்டுப் பூனைக்குத் துணை தேடுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் மற்றத் தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன. குட்டியைத் தூக்கி வாருங்கள், வைத்தியம் பாருங்கள், சாப்பாடு கொடுங்கள். அதை வீட்டிலேயே வைத்திருப்பதா என்பதைப் பிறகு முடிவுசெய்யலாம்.

முதலில் வீட்டுப் பூனையைப் பாருங்கள். தாயும் பிள்ளைகளும் கூடப் பிறந்தவையுமாகப் பூனைகள் சேர்ந்து வாழும். ஆனால் முன்பின் தெரியாத பூனை என்றால், வளவுக்குள் அத்துமீறி நுழைந்த எதிரி. பக்கத்து வீட்டுப் பூனை மதிலில் ஏறினாலே உங்கள் பூனை வாலைச் சிலிர்த்துக்கொண்டு துரத்துகிறதா, யன்னலடியில் மூத்திரம் பீச்சுகிறதா? அதற்குத் துணை வேண்டாம். உங்களோடு கூடுதல் நேரம் விளையாடக் கிடைத்தால் அதற்குப் போதும். பத்து வயது தாண்டி, மூட்டு வலியோடு கதிரையில் படுத்திருக்கும் பூனையையும் அப்படியே நிம்மதியாக விடுவது நல்லது என்பது என் எண்ணம். மாறாக, இரண்டு மூன்று வயதுதான், ஓடுகிற கால்களை எல்லாம் பதுங்கிப் பாய்ந்து பிடிக்கிறது, முற்றத்துக்கு வரும் பூனைகளோடு பெரிதாகக் கொழுவுவதில்லை என்றால் முயன்று பார்க்கலாம்.

வயதான பூனைக்குக் குட்டியைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. "குட்டிதானே, அடங்கிப் போகும்" என்பார்கள். குட்டிக்கு அடக்கம் தெரியாது. விடிய எழும்பினால் இரவு படுக்கும் வரை மூத்ததின் வாலிலும் கழுத்திலும் பாய்ந்துகொண்டே இருக்கும். சில நாட்களில் மூத்தது அலுமாரிக்கு மேல் குடியேறிவிடும், சாப்பிடக்கூட இறங்க யோசிக்கும். குட்டிதான் வேண்டும் என்றால் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டை எடுங்கள், ஒன்றோடொன்று மல்லுக்கட்டி மூத்ததை விட்டுவிடும். எட்டுக் கிழமை ஆகும் முன் தாயிடமிருந்து பிரிக்கவும் வேண்டாம்.

வளர்ந்த பூனைக்குப் பொருத்தமான துணை, ஏறக்குறைய அதே வயதும் அதே வேகமும் உள்ள இன்னொரு வளர்ந்த பூனை. அதுவும் முன்பு வேறு பூனைகளோடு அமைதியாக இருந்த பூனை. யாழ்ப்பாணத்தில் இப்படிப்பட்டவை கிடைக்காமல் இல்லை. கனடாவுக்கோ கொழும்புக்கோ குடிபெயர்ந்தவர்கள் விட்டுப்போன பூனை, பூட்டிய வீட்டு விறாந்தையில் படுத்திருக்கும், அயலவர் சோறு வைப்பார்கள். அந்த அயலவரிடம் கேளுங்கள்: அந்த வீட்டில் வேறு பூனை இருந்ததா, ஒரே இடத்தில் சாப்பிட்டனவா, வருகிற பூனைகளோடு சண்டை பிடிக்குமா? குணம் இன்னும் முடிவாகாத குட்டியைப் பற்றி யாரும் இப்படிச் சொல்ல முடியாது.

கடுவனா பெட்டையா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம் கருத்தடை செய்திருக்கிறதா என்பது. பெட்டை நாலு மாதத்திலேயே சினைப்படக்கூடும், ஒன்பது கிழமையில் குட்டி போட்டுவிடும். கடுவனுக்குச் சத்திரசிகிச்சை செய்த பிறகும் சில கிழமைகளுக்கு விந்து எஞ்சியிருக்கலாம், உடனே ஒன்றாக விடாதீர்கள்.

அடுத்தது நோய். சந்தையிலிருந்து வந்ததை நேரே குசினிக்குள் விட்டு, ஒரே கோப்பையில் பால் வைப்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்தது இரண்டு கிழமை தனி அறை வேண்டும். பூனைகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் தரும் பான்லுகோபீனியா வைரஸ் நிலத்திலும் துணியிலும் ஒரு வருடம் வரை உயிரோடு கிடக்கும், தடுப்பூசி போடாத குட்டிகளை ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடும். ஆகவே புதியது வரும் முன்பே வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எப்.ஐ.வி வைரஸ் பெரும்பாலும் கடியால் பரவும். பூனைக்கு இரத்தப் புற்றுநோய் தரக்கூடிய எப்.இ.எல்.வி வைரஸ் எச்சிலாலும், ஒன்றையொன்று நக்குவதாலும் பரவும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் அறியலாம், மிருக வைத்தியரிடம் வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு எப்.ஐ.வி இருப்பதாக வந்தால், அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம். மனமுடைந்துவிடாமல் பிறகு மீண்டும் பரிசோதியுங்கள்.

தெள்ளுக்கு நாய் மருந்தைப் பூசாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு அது நஞ்சு. காய்ச்சல் என்று பனடோல் கொடுக்கவே கூடாது, ஒரு குளிசை போதும் பூனையைக் கொல்ல. பூனை உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீர்வெறுப்பு (ரேபிஸ்) தடுப்பூசி அரச ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

தனி அறை என்றதும் ஒன்று: உட்சுவர் கூரை வரை எட்டாத பழைய ஓட்டு வீடுகளில், கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பும் முன் பூனை சுவருக்கு மேலால் வந்து நிற்கும். மேலே மூடிய குளியலறையோ சாமான் அறையோ பாருங்கள். முதல் நாட்களில் மணம் மட்டும்தான். ஒன்றைத் தடவிய துவாயை மற்றதின் படுக்கையடியில் போடுங்கள். பூட்டிய கதவின் இரு பக்கமும் அவித்த சூடை மீன் வையுங்கள். இரண்டும் பதற்றமில்லாமல் சாப்பிட்ட பிறகுதான் கம்பிவலை வழியாகப் பார்க்க விட வேண்டும். நுளம்பு வலை நகத்துக்குத் தாங்காது. சிலவற்றுக்கு ஒரு கிழமை எடுக்கும், சிலவற்றுக்கு மாதக்கணக்கு. அவசரப்பட்டு மடியில் தூக்கி வைத்து முகத்துக்கு முகம் காட்டினால் முதல் அடி உங்கள் கைக்குத்தான்.

சீறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், "கிட்ட வராதே" என்று சொல்கிறது, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது சத்தமில்லாத சண்டையை. ஒன்று குசினி வாசலில் படுத்துக்கொண்டு கண் எடுக்காமல் பார்க்கும். மணல் பெட்டிக்குப் போக வந்த மற்றது பாதியில் நிற்கும், தோளை இரண்டு தரம் நக்கும், வந்த வழியே திரும்பிவிடும். பார்ப்பவர்கள் "ரெண்டும் ராசியாயிட்டுது" என்பார்கள். உண்மையில் அது மூத்திரத்தை அடக்கிக்கொண்டு போகிறது. இரண்டு பூனைக்கு மூன்று மணல் பெட்டி, வெவ்வேறு இடங்களில் வையுங்கள். மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தால் ஒன்று வைத்ததற்குச் சமம். சாப்பாடும் தண்ணீரும் அப்படியே, ஒன்றையொன்று பாராத இடங்களில் இருக்கட்டும். கடுவன் மணலில் முக்கிக்கொண்டே இருந்து ஒரு சொட்டும் போகவில்லை என்றால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். அடைப்பு இருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

பூனையை வாங்கும்போதே, தருபவரோடு ஒன்று பேசிவையுங்கள்: இரண்டு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் வேறு வீடு தேடும் வரை நான் தனி அறையில் வைத்திருப்பேன், நீங்களும் தேட வேண்டும். அந்த அறையை அதுவரை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.