பயிற்சி முடிக்கும் தீயணைப்பு வீரர்களுக்கு விழா எடுப்பது எப்படி?

பயிற்சி நிறைவு விழா என்றதும் சிறப்பு விருந்தினராக யாரை அழைக்கலாம் என்ற பேச்சுதான் பெரும்பாலும் முதலில் எழுகிறது. அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற ஒவ்வொருவரையும் தனியே சந்தித்து, வீட்டிலிருந்து யார் யார் வருகிறார்கள், பணிச் சின்னத்தை யார் கையால் அணிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பெற்றோரை இழந்தவர்களும் வீட்டாரோடு பேச்சில்லாதவர்களும் இருக்கக்கூடும் என்பதால் இதை எல்லோர் முன்னிலையிலும் கேட்கலாகாது. ஒரு நண்பரையோ பயிற்றுநரையோ தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இனி ஒவ்வோர் இரவுப் பணியின்போதும் வீட்டில் விழித்திருக்கப் போகிறவர்கள் குடும்பத்தினர்தாம். எனவே முன்வரிசை நாற்காலிகள் அவர்களுக்கு உரியவை. விருந்தினர்கள் அவர்களுக்குப் பின்னால் அமர்வதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

இறுதித் தேர்வின் முடிவுகள் முறைப்படி வெளியான பிறகே நாளைக் குறிக்க வேண்டும். மீண்டும் தேர்வெழுத வேண்டிய நிலையில் ஒருவர் இருக்கும்போது, உடன் பயின்றவர்கள் மேடையேறுவதை அவர் கூட்டத்தில் நின்று பார்க்க நேர்வது கொடுமையானது. அவரிடம் முன்கூட்டியே பேசி, வருவதா வேண்டாமா என்ற முடிவை அவரிடமே விட்டுவிடலாம்.

பணியில் இருக்கும் குழுவினரும் விழாவுக்கு வருவார்கள் என்றால் அவர்களுக்கு வாசலை ஒட்டிய இருக்கைகளை ஒதுக்கி, வண்டியைச் சாலையை நோக்கி நிறுத்தி, அதன் முன்னால் வேறு எந்த வாகனமும் நிற்காதபடி ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும். நடுவில் அழைப்பு வந்தால் குழு எழுந்து போய்விடும் என்பதைத் தொகுப்பாளர் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவது நல்லது. பட்டாசு, மெழுகுவத்தி, வெளியேறும் வழியை மறைக்கும் அலங்கார வளைவு ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

விழாவில் அதிக நேரமும் உழைப்பும் பெற வேண்டியது செயல்விளக்கம் என்பது என் உறுதியான எண்ணம். உரைகளில் பாதியைக் குறைத்தாவது இதற்கு இடம் கொடுக்க வேண்டும், ஏனெனில் தம் பிள்ளை இத்தனை மாதங்கள் என்ன கற்றுக்கொண்டார் என்பது குடும்பத்தினர் பலருக்குத் தெரியாது. முதலில் ஒருவர் பாதுகாப்பு உடையை வரிசைப்படி அணிந்து காட்டலாம்: காற்சட்டை, காலணி, மேற்சட்டை, முதுகில் சுவாசக் கருவி, முகமூடி, நெருப்பு தாங்கும் துணியாலான தலையுறை, தலைக்கவசம், கையுறை. முழுவதும் அணிந்தபின் உடலில் ஏறும் சுமை 20 கிலோவுக்கும் மேல் என்பதையும், முதுகில் உள்ள உருளையில் இருப்பது ஆக்சிஜன் அன்று, அழுத்தி நிரப்பிய சாதாரணக் காற்றே என்பதையும் தொகுப்பாளர் சொல்ல வேண்டும். காற்று குறையும்போது ஒலிக்கும் சீழ்க்கையையும், அணிந்தவர் ஏறத்தாழ அரை நிமிடம் அசையாமல் கிடந்தால் தானே அலறத் தொடங்கும் எச்சரிக்கைக் கருவியின் ஒலியையும் அரங்கம் கேட்கட்டும். அந்த ஒலி எதற்கென்று விளக்கிய பிறகு பார்வையாளர்களுக்கு வேறு விளக்கவுரை தேவைப்படாது.

அடுத்து, முகமூடியின் கண்ணாடியைத் துணியால் மறைத்துவிட்டு, இருவர் அணியாக ஓர் அறையில் பொம்மையைத் தேடி மீட்பதைக் காட்டலாம். ஒருவர் சுவரை விட்டுக் கையை எடுக்காமல் தவழ்ந்து செல்வார். மற்றவர் அவருடைய காலையோ உடையையோ பற்றியபடி மறுகையால் தரையைத் துழாவுவார். புகைக்குள் வந்த வழியே திரும்ப அந்தச் சுவர்தான் துணை என்பதை அப்போது சொன்னால், அந்த மெதுவான நகர்வின் காரணம் குழந்தைகளுக்கும் புரியும். உண்மையான நெருப்பைக் காட்டுவதென்றால் அதைப் பயிற்றுநர்களே கையாள வேண்டும். நீர் நிரம்பிய குழாய் தயாராக இருக்க வேண்டும். பார்வையாளர்கள் காற்று வரும் திசையில் போதிய தூரம் தள்ளி அமர வேண்டும்.

செயல்விளக்கம் முடிந்ததும் குழந்தைகள் தலைக்கவசத்தைக் கேட்டு ஓடிவருவார்கள். அவர்களுக்கென்று புதிய அல்லது முறையாகத் துவைத்த உடைகளையும் துடைத்த கவசங்களையும் தனியே வைத்திருங்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்புப் பணியின்போது ஏற்படும் நச்சுத் தாக்கத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. தீயில் நின்ற உடையில் படிந்திருக்கும் கரியைப் பெருமைச் சின்னமாகக் கருதும் பழைய வழக்கத்தை இனிக் கைவிட வேண்டும். இதே காரணத்தால், குடும்பப் படங்களைச் செயல்விளக்கத்துக்கு முன்பே, தூய சீருடையில் எடுத்துவிடுவது நல்லது.

மறைந்த வீரர்களுக்கான அஞ்சலியை உறுதிமொழிக்கு முன் வைக்க வேண்டும்; தாம் எந்த வரிசையில் சேர்கிறோம் என்று அறிந்த பிறகே புதியவர்கள் உறுதி கூறுவது பொருத்தம். தந்திக் குறியீடுகளால் நிலையங்களுக்குச் செய்தி அனுப்பிய காலத்திலிருந்து வரும் மரபாக, மணியொலித்து அஞ்சலி செலுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஆஸ்திரேலியாவின் லிண்டனில் 1998 டிசம்பர் 2 அன்று காட்டுத்தீயில் ஐந்து வீரர்கள் உயிரிழந்ததை அடுத்தே, மே 4 பன்னாட்டுத் தீயணைப்பாளர் தினமாக அனுசரிக்கப்படுகிறது என்பதையும் இங்கே நினைவுகூரலாம். மறைந்தவர் ஒருவரின் குடும்பத்தினர் அரங்கில் இருப்பார்கள் என்றால், பெயர் வாசிக்கப்படும் என்பதை அவர்களிடம் முன்னரே தெரிவித்து இசைவு பெற வேண்டும்.

சின்னம் அணிவிக்கும் தருணத்துக்கு ஒத்திகை தேவை. சீருடைத் துணி தடிப்பானது. முதியவர்களின் கை நடுங்கும். ஊசி நெஞ்சில் குத்திவிடுமோ என்று தாய்மார்கள் தயங்குவார்கள். ஊசிக்கான துளைகளை முன்பே இட்டு வைத்து, உதவிக்கு ஒருவர் அருகில் நின்றால் போதும். பெயர்களைச் சரியாக உச்சரிக்க, அவரவரிடமே கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். பெயரோடு பயிற்றுநர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும். அது அவருக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கட்டும். ‘மாலைதோறும் குழாய்களைக் கழுவி உலரவைத்த பிறகே அறைக்குத் திரும்பியவர்’ என்ற வாக்கியம் தரும் நிறைவை ‘சிறந்த வீரர்’ என்ற பட்டம் தராது.

உரையாற்றுபவர்களிடம் ஒரு வேண்டுகோளை எழுத்திலேயே கொடுத்துவிடலாம்: ‘உயிரைத் துச்சமாக மதிப்பவர்கள்’ என்று புகழ வேண்டாம். தன்னையும் தன் கூட்டாளியையும் உயிரோடு வெளியே கொண்டுவரத்தான் பயிற்சி முழுவதும் கற்றுத் தரப்படுகிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய் கேட்க வேண்டிய செய்தியும் அதுவே.

புதியவர்கள் சேரும் நிலையத்தில் வண்டியைக் கழுவி, அனைவரும் கைவைத்துக் கூடத்துக்குள் தள்ளும் சடங்கைச் சில நாடுகளில் நடத்துகிறார்கள். குதிரைகள் இழுத்த காலத்தில் வண்டியைக் கையால் பின்னோக்கித் தள்ளிய வழக்கத்தின் தொடர்ச்சியாக இதைச் சொல்வார்கள். விரும்பினால் நீங்களும் செய்யலாம். ஆனால் ஓட்டுநர் இருக்கையில் பிரேக்கில் கால்வைத்தபடி ஒருவர் இருக்க வேண்டும், சக்கரங்களின் அருகிலும் வண்டிக்குப் பின்னாலும் குழந்தைகள் நிற்கக் கூடாது.

பரிசுப் பொருள்களைப் பொறுத்தவரை, துறை ஏற்காத கருவிகளைத் தவிர்த்தால் போதும். குடும்பத்தினர் கிளம்புவதற்கு முன், முதல் மாதத்தின் பணிநேர அட்டவணையையும், அவசரத்தின்போது தொடர்புகொள்ள வேண்டிய நிலைய அலுவலரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்து, அந்த அலுவலரை நேரிலேயே அறிமுகப்படுத்தி வையுங்கள்.