விண்கலக் கதைக்கு ஒரு நச்சுத் திரவத்தை உருவாக்குவது எப்படி?

விண்கலத்தில் ஆபத்தான இரசாயனம் ஒன்று கசிவதாக எழுத விரும்பினால், முதலில் அதற்கு அங்கே ஒரு வேலையைக் கொடுங்கள். காரணமில்லாமல் நஞ்சைச் சுமந்துகொண்டு எவரும் விண்வெளிக்குப் போவதில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறக் குழாய்களில் அமோனியா ஓடுவது வெப்பத்தை அகற்றுவதற்காக. செய்மதிகளில் ஹைட்ரசீனை நிரப்புவது உந்துவிசைக்காக. நமது கற்பனைத் திரவத்துக்கு 'நீலிகை' என்று பெயரிட்டு, கலத்தின் உலையைக் குளிர்விக்கும் பொறுப்பை அதனிடம் விடுவோம்.

அடுத்து கொதிநிலையைத் தீர்மானியுங்கள். பலர் தாவிச் செல்லும் இந்தப் படியில்தான் கதையே இருக்கிறது. உயரம் கூடக்கூட வளியமுக்கம் குறைவதால் இலங்கையின் மலை நகரான நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கடல்மட்ட அமுக்கத்தில் நீலிகை 40 பாகையில் கொதிப்பதாக வைத்துக்கொண்டால், அமுக்கம் பாதியாகும்போது அது சுமார் 20 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். இப்போது, தீயொன்றை அணைப்பதற்காகக் கலத்தின் தலைவி அறையின் அமுக்கத்தைக் குறைக்கிறாள் என்று எழுதுங்கள். அதுவரை உருண்டைகளாக மிதந்துகொண்டிருந்த திரவம் முழுவதும் அவளுடைய சரியான முடிவினாலேயே நச்சாவியாக மாறிவிடும். ஈர்ப்பு இல்லாத இடத்தில் அந்த ஆவி மேலே எழாது, கீழே படியாது. காற்றோட்ட விசிறி இழுக்கும் பக்கமே போகும்.

மூன்றாவதாக, கசிவை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒரு காலத்தில் நமது தேயிலைத் தோட்டங்களில் அடிக்கப்பட்ட பராகுவாட் களைநாசினியில், எவரும் தவறுதலாகக் குடித்துவிடாதிருக்க, நீலச் சாயமும் துர்நாற்றமும் சேர்க்கப்பட்டிருந்தன. நீலிகையிலும் அவ்வாறே செய்யலாம். ஆனால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டு வாயுவைப் போல அதுவும் சற்று நேரத்தில் மூக்கை மரத்துப்போகச் செய்யட்டும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி முகமூடியைக் கழற்றும் ஒருவர் உங்களுக்குக் கிடைத்துவிடுவார்.

உடலில் ஏற்படும் விளைவை உடனடி மரணமாக்க வேண்டாம். 1975 ஜூலையில் அப்பல்லோ–சோயுஸ் என்ற அமெரிக்க–சோவியத் கூட்டு விண்வெளிப் பயணத்திலிருந்து இறங்கும்போது, உந்துபொருளான நைதரசன் நாலொட்சைட்டின் நச்சு ஆவியைச் சுவாசித்த மூன்று அமெரிக்க வீரர்களும் ஹொனலூலுவில் சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தனர். இவ்வகை ஆவியைச் சுவாசித்தவருக்கு, நலமாக இருக்கிறார் என்று எண்ணிய பின்னர்கூட, பல மணித்தியாலங்கள் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். இந்த இடைவெளி எழுத்தாளருக்குப் பெரிய வசதி.

இறுதியாக, கசிந்ததைத் துடைக்கப் போகிறவரைத் தெரிவுசெய்யுங்கள். முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்து மலைச்சரிவில் களைக்கு அடிப்பவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்த வேலை தலைவியிடம் போகாது என்பது தெரியும். ஆகவே கலத்தில் ஆகக் குறைந்த சம்பளம் வாங்குபவரை அனுப்புங்கள். அவருக்குக் கொடுக்கப்பட்ட கையுறை அவர் கைக்குப் பொருந்துகிறதா என்பதையும் எழுதுங்கள்.