டாக்டரிடம் போகும் முன் இரண்டு நிமிட வீடியோ

குழந்தையின் பேச்சோ நடத்தையோ மனதை உறுத்துகிறதா? டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். ‘ரொம்ப அடம்’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, எத்தனை நிமிடம் நீடித்தது, எப்படி அடங்கியது என்று எழுதுங்கள். பசி, தூக்கம், இரைச்சல் என்று காரணம் சில சமயம் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம், மொபைலில் இரண்டு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக்கில் மட்டும் சமர்த்தாகிவிடும் பிள்ளைகள் உண்டு!

பேச்சு தாமதமென்றால் முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறது என்பது மட்டும் போதாது. லேசான குறைபாடு அதில் தெரியாது.

12 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதது, 18 மாதத்தில் எதையும் சுட்டிக்காட்டாதது, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். முன்பு பேசிய சொற்கள் மறைந்தால், எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள். ‘பையன்கள் லேட்டாத்தான் பேசுவாங்க’ என்பவர்களிடம் சிரித்துவிட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்.