வெறும் தீவனத்தொட்டியோடு தொடங்கும் குடில்: கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீட்டை ஆயத்தம் செய்யும் முறை

பெரும்பாலான கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் 23 அல்லது 24 அன்று பரண்மேல் இருக்கும் அட்டைப்பெட்டியை இறக்கி, சுரூபங்களைத் துடைத்து, குழந்தை இயேசு முதல் ஞானிகளின் ஒட்டகம் வரை எல்லாவற்றையும் ஒரே மாலையில் அடுக்கி முடித்துவிடுகிறோம். குடில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் காத்திருப்பு இல்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களிலும் குடிலைச் சிறிது சிறிதாகக் கட்டி எழுப்பினால், விழாவின் பொருள் தனிப் போதனை ஏதுமின்றியே பிள்ளைகளின் மனத்தில் இறங்கும் என்பதை எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் கண்டு வருகிறேன். அதைச் செய்யும் விதத்தை இங்கே விளக்குகிறேன்.

முதலில், எதற்காக இதைச் செய்கிறோம் என்பதில் பெரியவர்களுக்குத் தெளிவு வேண்டும். "வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்" என்கிறது யோவான் நற்செய்தி (1:14). குடி, குடில் ஆகிய இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் என்பதால், தமிழில் இந்த வசனத்தை வாசிக்கும்போது குடில் தானாகவே கண்முன் வந்துவிடுகிறது. மூலக் கிரேக்கச் சொல்லோ கூடாரம் அடித்துத் தங்குவதைக் குறிப்பது. பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் நடந்த வழியெல்லாம் அவர்களோடு சந்திப்புக் கூடாரத்தில் இறைவன் உடனிருந்ததை அது நினைவூட்டுகிறது. எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தினராக அல்லாமல், பசியும் அழுகையும் சாவும் உள்ள மனித வாழ்வுக்குள்ளேயே கடவுள் குடியேறினார் என்பதே இவ்விழாவின் உயிர்நாடி.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, புனித அந்திரேயாவின் விழாவாகிய நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறாகும். எனவே அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் அமையும். அன்று மாலை குடிலுக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அலமாரியின் மேல்தட்டு வேண்டாம். சிறு பிள்ளையின் கை எட்டும் உயரமே நல்லது. கூரையை ஓலையாலோ வைக்கோலாலோ வேய்ந்து, உள்ளே தீவனத்தொட்டியை மட்டும் வையுங்கள். விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இதனை 'முன்னணை' என்று வாசித்திருப்பீர்கள். மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டிதான் அது. பெத்லகேம் என்னும் ஊர்ப்பெயருக்கு எபிரேயத்தில் 'அப்பத்தின் வீடு' என்று பொருள். அந்த ஊரில் பிறந்தவர் உணவு வைக்கும் இடத்தில் கிடத்தப்பட்டார் என்பதைத் திருவிருந்தில் பங்குபெறும் எவரும் எளிதாகக் கடந்துவிட முடியாது.

தொட்டியின் அருகே ஒரு சிறு பெட்டியில் வைக்கோல் துண்டுகளை நறுக்கி வையுங்கள். இரவு செபத்தின்போது, அன்று பிறருக்கு அன்பாக ஏதேனும் செய்தவர் ஒரு துண்டை எடுத்துத் தொட்டிக்குள் இடட்டும். என்ன செய்தோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை; சொல்லவும் கூடாது. இந்த விதியில் தளர்ந்தால் பிள்ளைகளுக்குள் இது போட்டியாக மாறிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் என் இளைய மகள், பிறர் போட்ட வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துத் தடித்த கணுக்களைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "பாப்பாவுக்குக் குத்தும்ப்பா" என்றாள். மனித உடலெடுத்தல் என்னும் மறைபொருளைப் பற்றி நான் கேட்ட மறையுரைகளில் இதைவிடத் தெளிவானது எதுவும் எனக்கு நினைவில் இல்லை. குத்தினால் வலிக்கும் உடலோடுதான் அவர் வந்தார்.

முதல் வாரத்திலேயே எருதையும் கழுதையையும் வைத்துவிடலாம். நற்செய்திகள் இவ்விரண்டையும் குறிப்பிடவில்லை. காளை தன் உடைமையாளரையும் கழுதை தன் தலைவரின் தொழுவத்தையும் அறிந்திருக்க, என் மக்களோ என்னை அறியவில்லை என்று இறைவாக்கினர் எசாயா நூலின் முதல் அதிகாரத்தில் இறைவன் வருந்துகிறார். அந்த வருத்தத்திலிருந்தே அவை குடிலுக்குள் வந்தன. 1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் தீவனத்தொட்டியும் வைக்கோலும் எருதும் கழுதையும் ஏற்பாடு செய்து, அங்கேயே திருப்பலி நிறைவேற்றச் செய்தார். திருவருகை வளையத்தில் வாரம் ஒரு மெழுகுதிரி ஏற்றும் வழக்கம் உள்ளவர்கள், அதைக் குடிலின் அருகிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வாரத்தின் இறுதியில், அதாவது விழாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்களுக்கு முன்பாக, குடிலுக்குப் பசும்புல்லாக வைக்க, அகன்ற தட்டில் ஈரமண் பரப்பிக் கேழ்வரகு விதையுங்கள். தினமும் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். முளை வெளிவராத முதல் நாள்களில் அவர்கள் மண்ணைக் கிளறிப் பார்ப்பார்கள், பொறுமையாகத் தடுத்துவிடுங்கள். கடையில் வாங்கும் பச்சைக் காகிதம் இந்தக் காத்திருப்பைத் தராது.

டிசம்பர் 17 முதல் வழிபாட்டின் நோக்கு முழுவதும் பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது. அன்று மரியா, யோசேப்பு சுரூபங்களை வீட்டின் மறுகோடியில் வைத்து, நாள்தோறும் சிறிது தூரம் குடிலை நோக்கி நகர்த்துங்கள். 17 முதல் 23 வரையிலான ஏழு மாலைகளிலும் திருச்சபை மெசியாவை ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், விடியல், மக்களினங்களின் அரசர், இம்மானுவேல் என ஏழு பெயர்களால் அழைக்கிறது. இலத்தீனில் இப்பெயர்களின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து வாசித்தால் 'நாளை வருவேன்' என்று பொருள்படும் தொடர் கிடைக்கும். நாளுக்கொரு பெயரைத் தாளில் எழுதிக் குடிலின் மேல் ஒட்டி, அப்பெயரைச் சொல்லி "வாரும்" என்று மன்றாடுவதே அந்த மாலைச் செபமாக இருக்கப் போதுமானது. ஒப்புரவு அருட்சாதனத்தையும், அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்து பெறும் மன்னிப்பையும், இந்நாள்களுக்குள் பெற்றுவிடுங்கள். புத்தாடைக்கும் பலகாரத்துக்கும் பணம் ஒதுக்கும்போதே, வறியவர் ஒருவரின் வீட்டுக்கான பங்கையும் கூடவே ஒதுக்குங்கள். மிஞ்சியதைக் கொடுப்பது போதாது. விடுதியில் இடம் கிடைக்காத குடும்பத்தின் நினைவைக் கொண்டாடுகிறோம்.

24-ஆம் நாள் இரவு திருப்பலியில் லூக்கா 2:1-14 வாசிக்கப்படும். விசுவாச அறிக்கையில் அவர் மனிதரானார் என்னும் இடத்தில், மற்ற ஞாயிறுகளில் தலைவணங்கும் நாம் அன்று முழந்தாளிடுகிறோம். அதன் காரணத்தைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீடு திரும்பியதும், எவ்வளவு நேரமானாலும், உறங்குமுன் வீட்டின் கடைக்குட்டி பாலன் இயேசுவை ஏந்திச் சென்று, நான்கு வாரமாகச் சேர்ந்த வைக்கோலின்மேல் கிடத்தட்டும். விளக்குகளை அணைத்து, குடிலின் விளக்கை மட்டும் எரியவிட்டு, சற்று நேரம் அமைதியாக இருங்கள்.

இடையர்களை அப்போதே அருகில் வைக்கலாம். ஞானிகளுக்கு அவசரமில்லை, கீழ்த்திசை அறையிலிருந்து புறப்பட்டு, சனவரி 6 அன்றே அவர்கள் வந்து சேரட்டும். இதற்கிடையில் டிசம்பர் 28 அன்று, ஏரோது அரசனின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளின் விழா வருகிறது. அன்று மாலை போர்களில் மடியும் குழந்தைகளுக்காகக் குடிலின் முன் மன்றாடுங்கள். குடிலிலும் வீட்டிலும் எல்லாரும் மகிழ்ந்திருக்கும் வேளையில் இது எதற்கு என்று பெரியவர்களே தயங்குவதுண்டு. பெத்லகேமின் கதையில் இதுவும் அடங்கியிருக்கிறது என்பதால் நாங்கள் விடுவதில்லை.

ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு குடிலைக் கலைக்கலாம். கேழ்வரகுப் பயிரை அக்கம்பக்கத்து ஆட்டுக்கோ மாட்டுக்கோ கொடுத்துவிடுங்கள். வைக்கோலில் ஒரு பிடியைப் பாலன் சுரூபத்தைச் சுற்றிப் பொதிந்து அதே பெட்டியில் வைத்து மூடினால், அடுத்த நவம்பர் இறுதிவரை சுரூபம் உடையாமல் இருக்கும்.